ஆமை வண்டிக்கு ஒரு நல்ல பிஸ்டன்

1

எங்கள் தெரு முனைக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பல் டாக்டர் போன சனிக்கிழமை ஒரு பழைய காரை வெளியே எடுத்தார். நான் அப்போது காலி பாட்டில்களைப் பச்சை வேறு, வெள்ளை வேறு என்று பிரித்துத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் பாட்டிலுக்குக்கூட ஜாதி பார்க்க வேண்டும், என்ன செய்வது. கார் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. ரேடியேட்டர் இல்லாத, தண்ணீரே ஊற்ற வேண்டாத, பின்பக்கம் இன்ஜின் வைத்த காரின் சத்தம் அது. பழைய தையல் மிஷினை யாரோ ஆத்திரத்தோடு மிதிப்பது மாதிரி இருக்கும். எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

பல் டாக்டர் கண்ணாடியை இறக்கி, "எப்படி இருக்கிறது?" என்றார். "அருமை" என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. நான்தான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாடியிலிருந்து என் மனைவி கலா, "பாட்டில் போட இவ்வளவு நேரமா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, வரேன்" என்றேன்.

ஒன்றுமில்லை என்பது சுத்தப் பொய். வீட்டில் சொன்னால் "மறுபடி ஆரம்பிச்சிட்டீங்களா" என்பாள். அதனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் திட்டினாலும் எனக்குக் கேட்காது.

நான் இருப்பது டியூரன் என்ற ஊர். ஜெர்மனியின் மேற்கு ஓரம், கொலோனுக்குப் பக்கம். பேப்பர் மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. நெய்வேலிக்காரனைப் பழுப்பு நிலக்கரி எங்கே போனாலும் விடாது போலிருக்கிறது. இங்கேயும் கூப்பிடு தூரத்தில் அதே கரி, அதே மாதிரி பள்ளம், அதே ராட்சதச் சக்கரம் வைத்த மிஷின். முதன்முதலில் அந்தப் பள்ளத்தைப் பார்த்தபோது கலா, "இதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்?" என்று கேட்டாள்.

2

அப்பா நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் மெயின்டனன்ஸ் ஃபோர்மேனாக இருந்தவர். பேர் முத்துச்சாமி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, கான்ட்ராக்டில் கிடந்து, பெர்மனென்ட் ஆகி, ஷிப்டும் குவார்ட்டர்ஸுமாக வாழ்ந்து முடித்தவர். பெரிய மிஷினைப் பூட்டிக் கொடுக்க வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் விட்டுவிட்டுப் போன கார் ஒன்று டவுன்ஷிப்பில் கை மாறிக் கை மாறி, கடைசியில் சீந்த ஆளில்லாமல் ஒரு வேப்பமரத்தடியில் கிடந்தது. அதை அப்பா வாங்கினார். முதுகு வளைந்திருக்கும். அதனால் எங்கள் பிளாக் முழுக்க அதற்கு ஆமை வண்டி என்றுதான் பேர்.

கத்திரி வெயிலில் மற்றவர்களுடைய கார் எல்லாம் ரேடியேட்டர் கொதித்து மந்தாரக்குப்பம் ரோட்டில் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். நாங்கள் ஆமை வண்டியில் ஜம்மென்று தாண்டிப் போவோம். காற்றாலேயே குளிர்கிற இன்ஜின். "இதுக்குத் தண்ணியும் வேணாம், கெஞ்சலும் வேணாம்" என்பார் அப்பா. அந்தப் பெருமையைப் பார்க்கவேண்டுமே!

ரிட்டயர் ஆனதும் வளையமாதேவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். "யோவ் முத்துச்சாமி, காலமெல்லாம் கரி தோண்டிட்டு இப்ப கரி மேலயே வூடு கட்டுறியே, உனக்கு இன்னா புத்தி கித்தி கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்கள். "மைன்ஸ் இங்க வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்யா" என்றார் அப்பா. மைன்ஸ் முந்திக்கொண்டது.

நோட்டீஸ் வந்தது. பணமும் வந்தது. அந்தக் கதை உங்களுக்கே தெரியும், பேப்பரில் படித்திருப்பீர்கள். தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. காலியான வீட்டை உடனே இடித்துவிடுவார்கள். அம்மா வடலூரில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள், பாத்திரத்தை எல்லாம் சாக்கில் கட்டிவிட்டாள். அப்பா மட்டும் நகரவில்லை. போனில் கேட்டேன்.

"எப்பப்பா கிளம்புறீங்க?"

"வண்டி ரெடியாகட்டும்."

"லாரியில ஏத்திக் கொண்டுபோயிரலாமே?"

"இந்த வீட்டுக்கு அந்த வண்டிய ஓட்டிக்கிட்டுத்தான் வந்தேன். ஓட்டிக்கிட்டுத்தான் போவேன். கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போறத ஊரே நின்னு வேடிக்கை பாக்கணுமா? அந்தக் கேவலம் எனக்கு வேணாம்."

பின்னாலிருந்து அம்மா குரல் கேட்டது. "உங்கப்பாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குடா சேகர்! பக்கத்து வீடெல்லாம் தரைமட்டமாப் போச்சு. கொல்லையில பாம்பு வருது. நீயாவது எடுத்துச் சொல்லுடா."

நான் எடுத்துச் சொல்லவில்லை. "வண்டிக்கு என்ன சாமான் வேணும்?" என்று கேட்டேன்.

"பிஸ்டன், சிலிண்டர், ரிங்கு எல்லாம் சேந்த செட்டு. இங்க எங்கயும் கெடைக்கல. உங்க ஊர்ல செஞ்ச வண்டிதானடா."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெர்மனியில் இருக்கிற பிள்ளை என்று பேர்தான். இத்தனை வருஷத்தில் அப்பா என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. இதையாவது உருப்படியாகச் செய்வோம் என்று இறங்கினேன். இன்ஜின் ஓட வேண்டும், அப்பா மரியாதையோடு அந்த வீட்டைவிட்டு வர வேண்டும். என் மனசில் வேறு எதுவும் இல்லை.

3

பழைய காருக்கு நல்ல சாமான் தேடுவதும் பெண்ணுக்கு வரன் தேடுவதும் ஒன்றுதான். எல்லாரும் ஒரிஜினல் என்பார்கள். இன்டர்நெட்டில் ஒரு கடையில் முதல் செட்டை வாங்கினேன். பெட்டி மேல் ஜெர்மன் எழுத்தும் கொடியும். உள்ளே செய்த இடத்தின் பேரைப் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். எடை போட்டுப் பார்த்தால் பிஸ்டன் ஒவ்வொன்றும் ஒரு எடை. திருப்பிக் கொடுக்க நேரமில்லை என்று அதையே அனுப்பப் போனேன். அந்த லட்சணத்துக்குத் தபால் ஆபீஸ் பெண்மணி என்னைத் தீவிரவாதியைப் போல விசாரித்தாள். எண்ணெய் தடவியிருக்கிறதா, பெட்ரோல் வாடை இருக்கிறதா, எதற்கு இந்தியாவுக்கு, ஏன் இந்தியாவில் இது இல்லையா. "என் அப்பாவின் கார்" என்று சொல்ல வாயெடுத்து "என் அப்பா ஒரு கார்" என்று சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்துத் தொலையட்டும்.

அப்பா பூட்டினார். பழைய ஃபிட்டர் தாமஸ் மாமா மந்தாரக்குப்பத்திலிருந்து வந்து இன்ஜினை ஏற்றி இறக்க ஒத்தாசை செய்தார். ஸ்டார்ட் ஆனது. சேத்தியாத்தோப்பு போவதற்குள் இன்ஜின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விப்பிடித்து நின்றுவிட்டது.

"டூப்ளிகேட்டு சாமான் போலடா. பரவால்ல விடு, வேற பாப்போம்" என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. ஒரு போல்ட் சரியாக நிற்காவிட்டால் ஸ்பேனரை வீசி எறிகிற மனுஷன்! வயசு அப்பாவைப் பதமாக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விலை கூடின கடையில் இரண்டாவது செட் வாங்கினேன். எடை கச்சிதமாக இருந்தது. அதுவும் போய்ச் சேர்ந்தது, பூட்டினார்கள், அதுவும் அதே ரோட்டில் கவ்விக்கொண்டது. "விடு, பாப்போம்" என்று அதே பதில்.

இதற்கு நடுவில் பழனிவேல் என்று ஒருவர். நிலம் எடுப்பு ஆபீஸில் இருப்பவர். சின்ன வயசில் அப்பாவிடம் அப்ரன்டிஸாக இருந்தவராம். அடிக்கடி பைக்கில் வந்து நிற்பார். ஒருதடவை நான் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்தார்.

"இன்னா சார், வண்டி ரெடியாச்சா?"

"இல்ல பழனி. சாமான் ஜெர்மன்ல இருந்து வரணும்."

"சரிங்க சார். வந்தா சொல்லுங்க."

டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை கற்றுக்கொடுத்த மனுஷனை இப்படி வாசலில் வந்து வந்து விரட்டுகிறானே, நன்றிகெட்ட ஆள் என்று கலாவிடம் புலம்பினேன்.

என் மகள் நிலாவுக்கு வேறு கோபம். பதினேழு வயசு. ஸ்கூல் பையில் 'கரி வேண்டாம்' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு போகிறவள், பள்ளத்தோரம் போய்க் கோஷம் போடுகிறவள். தாத்தா வீட்டையே மைன்ஸ் எடுக்கிறது என்று தெரிந்ததும் ஜெர்மனில் பொரிந்து தள்ளினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் இப்போது அதுதான். தாத்தாவிடம் பேச மட்டும் உடைந்த தமிழை எடுத்துக்கொள்வாள்.

"தாத்தா, நீங்க ஏன் ஃபைட் பண்ணல? வாசல்ல உக்காருங்க. நான் ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்றேன்."

அப்பா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். "நீ தின்னு வளந்த சோறு உங்கப்பன் சம்பாதிச்சதும்மா. உங்கப்பன் தின்னு வளந்தது இந்தக் கரி. எத்தனை ஊரத் தோண்டின பள்ளத்துல நான் நின்னு வேலை பாத்திருக்கேன் தெரியுமா? அந்தச் சனமெல்லாம் சட்டி பானையோட போறத பாத்துக்கிட்டே டிபன் பாக்ஸத் திறந்து சாப்பிட்டவன். இப்ப என் வீடுன்னதும் கொடி புடிச்சா நல்லாவா இருக்கும்?"

நிலாவுக்குப் பாதிதான் புரிந்தது. எனக்கு முழுக்கப் புரிந்தது என்று நினைத்தேன்.

4

மூன்றாவது செட்டைத் தேடிப் போனபோதுதான் ஹெல்மூட் கிடைத்தார். வரி ஆபீஸில் பெரிய பதவியிலிருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக் கராஜ் முழுக்க இந்த ஜாதிக் காருக்கான சாமான்கள், அந்தக் காலத்து மெழுகுத்தாள்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். மனுஷன் சரியான சிடுமூஞ்சி. தத்து கொடுப்பது மாதிரி ஆயிரம் கேள்வி கேட்டார். முன்னால் போட்ட இரண்டும் கவ்விக்கொண்டன என்றதும், "முதலில் இன்ஜினின் போட்டோ. போட்டோ இல்லாமல் ஒரு ரிங்குகூடக் கிடையாது" என்றார்.

அம்மாவிடம் சொல்லிப் போட்டோ எடுக்க வைத்தேன். அதைப் பார்த்ததும் ஹெல்மூட் எழுந்தே நின்றுவிட்டார். பின் மூடி ஒரு மூங்கில் குச்சியால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தது. இன்ஜினைச் சுற்றி இருக்கவேண்டிய தகடுகள் இல்லை, தகட்டு ஓரத்தில் ஓடவேண்டிய ரப்பர் பட்டி இல்லை. இன்ஜின் பிறந்தமேனிக்கு நின்றது.

விஷயம் இதுதான். மேலே இருக்கிற ஃபேன் குளிர்ந்த காற்றை இழுத்து இன்ஜின் மேல் அடிக்கிறது. சூடான காற்று கீழ்வழியாகப் போய்விட வேண்டும். போனது திரும்பி மேலே வராமல் தடுக்கத்தான் தகடும் ரப்பரும். அது இல்லாவிட்டால், தான் விட்ட அனலையே ஃபேன் திரும்ப இழுத்து இன்ஜின் மேல் ஊதும். பிஸ்டன் தங்கத்தில் செய்திருந்தாலும் நிற்காது.

யார் கழற்றினார்கள் என்று நான் கேட்கவே வேண்டியதில்லை. இது சுத்தமான நெய்வேலித் தப்பு. மைன்ஸில் கோடை வந்தால் கன்வேயர் மோட்டாரின் கவரைக் கழற்றி வைப்பார்கள், ஷெட்டின் கதவைக் கழற்றி வைப்பார்கள். குவார்ட்டர்ஸில் டிவி சூடானால் முதுகு மூடியைக் கழற்றி வைப்போம். சூடு என்றால் திற, காத்து வரட்டும். எங்கள் சயின்ஸ் அவ்வளவுதான். தகடு துருப்பிடித்து ரப்பர் பொடிந்ததும், "சனியன், இது எதுக்குக் காத்த மறைச்சுக்கிட்டு" என்று அப்பா தூக்கிப் போட்டிருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஹெல்மூட் தகடு, ரப்பர், பிஸ்டன் செட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். பேச்சுவாக்கில் அவருடைய ஊரும் கரிக்காகப் போனது என்று தெரிந்தது. அதே பேரில் தள்ளிப் புது ஊர் கட்டிக் கொடுத்தார்களாம். "தேதி கொடுத்தார்கள், அந்தத் தேதியில் போனோம். உன் அப்பா ஏன் இன்னும் போகவில்லை?"

"கார் ரெடியாகவில்லை" என்றேன்.

"கார்?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பேப்பர் சுற்றுவதில் இறங்கிவிட்டார்.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். கண்டுபிடித்த குஷியில் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அப்ப சாமான் மேல தப்பில்லையா?"

"இல்லப்பா. தகடும் ரப்பரும் போட்டா போதும்."

"போட்டா ஓடிருமா?"

"ஜம்முன்னு ஓடும். நானே கொண்டுவரேன்."

"சரி" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. தப்பு தன்னுடையது என்று தெரிந்ததில் ரோஷம் போலிருக்கிறது, நேரில் போய்ச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம் என்று லீவு போட்டுக் கிளம்பினேன்.

5

சென்னை ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பிஸ்டனைத் தூக்கி, "என்ன சார் இது?" என்று கேட்ட அதிகாரியிடம் நான் பாட்டுக்கு ஜெர்மனில் "யா, யா" என்று தலையாட்டினேன். அவர் முகம் மாறியது. ஃபாரின் திமிர் என்று நினைத்திருப்பார். நினைக்காமல் என்ன செய்வார், தமிழ்க் கேள்விக்குத் தமிழ்ப் பதில் முதலில் வராத வாயாகிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி வெளியே வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் தெருவைப் பார்த்ததும் டாக்ஸியை நிறுத்தச் சொன்னேன். வழி தப்பிவிட்டதோ என்று சந்தேகம். இரண்டு பக்கமும் செங்கல் குவியல். பக்கத்து வீட்டுச் சமையலறைச் சுவர் மட்டும் இடுப்பளவு நின்றது, மஞ்சள் டிஸ்டெம்பரோடு. நடுவில் எங்கள் வீடு தனியாக இருந்தது. கரண்ட் கம்பி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்பா மெலிந்திருந்தார். தாமஸ் மாமாவும் நானும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தோம். அப்பா ரொம்ப மெதுவாக இருந்தார். ஒரு போல்ட்டை மண்ணெண்ணெயில் துடைப்பார், வெயிலில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி துடைப்பார். "ஏன் முத்து, இத்த துடைச்சுகினே இருந்தா தேய்ஞ்சிடும்யா" என்று தாமஸ் மாமா கிண்டல் செய்தார். அப்பா சிரிக்கவில்லை. நான்தான் அவர் கையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிப் பூட்டினேன். லீவு முடிவதற்குள் முடிக்க வேண்டுமே.

மறுநாள் மத்தியானம் ஸ்டார்ட் ஆனது. நானும் அப்பாவும் சேத்தியாத்தோப்பு வரை போய்த் திரும்பினோம். மூடியைத் திறந்து மேல் தகட்டில் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாமஸ் மாமா சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா, "ம். ஓடுது" என்றார்.

அந்த நேரம் பார்த்து பழனிவேல் பைக்கில் வந்து இறங்கினார். இவரைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"வண்டி ரெடி சார். இனிமே நீங்க அலைய வேணாம். நாளைக்கே காலி பண்ணிர்றோம்."

பழனிவேல் ஹெல்மெட்டைக் கழற்றினவர் கழற்றினபடி நின்றார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழனிவேல் என் முழங்கையைப் பிடித்து அடிபம்புப் பக்கம் கூட்டிப்போனார்.

"யாரு சார் உங்கள ரெடி பண்ணச் சொன்னது?"

"என்ன சார்?"

"வண்டி ரிப்பேரு, சாமான் ஃபாரின்லேந்து வந்துகினு இருக்குதுன்னு சொல்லிச் சொல்லித்தான் சார் இத்தினி நாளா இந்த வூட்டுமேல கை வைக்காம நிறுத்தி வச்சிகினு இருந்தேன். மேல இருக்கறவங்களும் பழைய ஆளு, போவட்டும்னு விட்டாங்க. உங்கப்பா சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? நீங்க டவுன்ஷிப்ல வளந்தவருதானே சார்?"

எனக்குச் சுருக்கென்றது. செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆனால் யாரும் உடனே காலி செய்ய மாட்டார்கள். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறாள், பையனுக்கு காலேஜ் அட்மிஷன், வீட்டில் ஆபரேஷன் என்று ஒரு காரணம் சொல்லி எக்ஸ்டென்ஷன் கேட்பார்கள். கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் அது காரணமில்லை என்று தெரியும். போக மனசில்லை என்பதை அப்படியே சொல்ல முடியாது, அதற்குத்தான் ஒரு காரணம். கேட்டால் மரியாதையாகக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் பிளாக்கில் எக்ஸ்டென்ஷன் வாங்காத வீடு எங்கள் வீடு ஒன்றுதான். அப்பா ரிட்டயர்மென்ட் பார்ட்டி மாலை வாடுவதற்குள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர். வாழ்க்கையில் எதற்கும் எக்ஸ்டென்ஷன் கேட்காத மனுஷன் முதல்தடவையாகக் கேட்டிருக்கிறார். கொடி பிடிக்கவும் வாயில்லை, அழவும் தெரியாது. வண்டி ரிப்பேர் என்று சொன்னார். அது பழனிவேலுக்குப் புரிந்திருக்கிறது. எங்கேயோ ஜெர்மனியில் ஒரு வரி ஆபீஸ்காரருக்குக்கூட ஏதோ உறைத்திருக்கிறது. பெற்ற பிள்ளை நான், பிஸ்டனை எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்!

அப்பாவிடம் ஓடினேன். கையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டேன்.

"அப்பா, ரப்பரக் கழட்டிர்றேன்பா. தகட்டையும் எடுத்துர்றேன். ஓடாது. மறுபடி சாமான் தேடுறோம்னு சொல்லிக்கலாம்."

"விடுறா."

"சார், நானும் எதயும் பாக்கலன்னு போயிடறேன் சார்" என்றார் பழனிவேல்.

அப்பா எழுந்து நின்றார். "இத்தனை நாளும் வண்டி நெசமாவே ஓடல பழனி. அதனால சொன்னேன். இப்ப ஓடுது. ஓடுற வண்டிய ஓடலன்னு சொல்ல எனக்கு வராதுப்பா. உனக்கும் எதுக்கு வம்பு? நாளைக்குக் காலையில சாவி தரேன்."

பழனிவேல் டீ குடிக்காமல் போனது அன்றைக்குத்தான். அம்மா உள்ளே போய் மிச்சமிருந்த சாக்கைக் கட்ட ஆரம்பித்தாள். அவள்தான் போகலாம் போகலாம் என்று கத்திக்கொண்டிருந்தவள், மூக்கைச் சிந்திக்கொண்டே கட்டினாள்.

6

காலையில் சாமான்கள் எல்லாம் டெம்போவில் போயின. தாமஸ் மாமா அதில் ஏறிக்கொண்டார். அப்பா இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டி, சாவியைப் பழனிவேல் கையில் கொடுத்தார். இடிக்கப்போகிற வீட்டை எதற்குப் பூட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தெரு முனையில் ஜேசிபி தயாராக நின்றது. டிரைவர் இறங்கி நின்று பீடியை மறைத்துக்கொண்டான்.

அம்மா முன் சீட்டில், மடியில் பால் பாத்திரம். நான் பின் சீட்டில். என் முதுகுக்குப் பின்னால் இன்ஜின். மிஷின்களைக் கட்டி மேய்க்கிற பிழைப்பு என்னுடையது. ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பழக்கம். அன்றைக்கு முதன்முதலாக, நின்று தொலையேன், ஒரு தடவை இருமேன், கவ்விக்கொள்ளேன் என்று வழி முழுக்க வேண்டினேன். அப்பாவும் தலையை லேசாகச் சாய்த்துப் பின்பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே ஓட்டினார். அவரும் அதையேதான் வேண்டினாரா என்று எனக்குத் தெரியாது. வண்டி சுருதி பிசகாமல் ஓடியது. பின்னால் எங்கள் தெருப் பக்கம் சுவர் விழுகிற சத்தம் ஒரே ஒரு தடவை பெரிதாகக் கேட்டது, மூன்று பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

வடலூரில் அந்த வாடகை வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அம்மா பால் காய்ச்ச உள்ளே போனாள். அப்பா இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஆஃப் பண்ணுங்கப்பா, இறங்கலாம்."

இறங்கினார். அணைக்கவில்லை. பின்பக்கம் வந்து மூடியைத் தூக்கி, ஓடுகிற இன்ஜினின் மேல் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"சூடே இல்லடா" என்றார்.

"ஆமாப்பா."

என் தோளில் அதே கையை வைத்தார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"கொஞ்சம் மட்டமான சாமானாப் பாத்து வாங்கியிருக்கக் கூடாதாடா."